விளக்குக் கட்டத்தில் ஒரு பெருவிரல்

என் பூசையறையில், திருநீற்றுக் கிண்ணத்துக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே, உள்ளங்கையளவு தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது. மூடியின் நீலச் சாயம் ஓரங்களில் உரிந்து துரு தெரிகிறது. வீட்டுக்கு வரும் பெண்கள் குங்குமப் பெட்டியென்று எண்ணி அதைத் திறப்பார்கள். உள்ளே காய்ந்து கறுத்த துணித் திண்டைக் கண்டதும் என்னைப் பார்ப்பார்கள். கைநாட்டு வாங்கும் மைப்பெட்டி என்று சொல்வேன். சாமி அறையில் மைப்பெட்டிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்பார்கள். நிவேதனம் ஆறுகிறது என்றோ தேநீர் போடுகிறேன் என்றோ சொல்லி இதுவரை தப்பி வந்திருக்கிறேன். இப்போது எழுபத்தைந்து வயதாகிறது. கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்தப் பெட்டி துபாசி ஐயாவுடையது. அவர் மலாயாவின் ஈப்போ நகர நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் துபாசியாக, அதாவது தமிழர் சொல்வதை ஆங்கிலத்திலும் துரை சொல்வதைத் தமிழிலும் சொல்பவராக, வேலை பார்த்தவர். அதே பேராக் மாநிலத்தின் வடக்கே ஒரு கரும்புத் தோட்டத்தில் கூலியின் மகனாகப் பிறந்து, பாதிரிமார் பள்ளியில் படித்து மேலே வந்தவர். கிறிஸ்தவர். மெலிந்த உயரமான உருவம். எந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றமாட்டார். எந்தக் கோபத்திலும் குரலை உயர்த்தமாட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில் நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு, பழைய நகரத்தில் சீனத் தையற்கடை ஒன்றின் மாடியில் இரண்டு மேசையும் ஒரு பீரோவும் போட்டு, 'காணாமற்போனோர் விசாரணைக் கந்தோர்', அதாவது அலுவலகம், என்று பலகை மாட்டினார்.

அப்படியொரு தொழிலை அதற்கு முன் எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. நீதிமன்றத்தில் ஒரு மேசை இழுப்பறை இருந்ததாம். தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் 'ஈப்போ கச்சேரி பெரிய துரை அவர்களுக்கு' என்று வரும் கடிதங்களை அதற்குள் போட்டு வைப்பார்களாம். கப்பலேறிப் போன மகனைக் காணோம், தம்பியைக் காணோம், தகப்பன் உயிரோடிருந்தால் தெரிவிக்கவும் என்று எழுதியிருக்கும். காணாமற்போவது குற்றமில்லையாதலால் நீதிமன்றத்துக்கு அதில் வேலை இல்லை. யாரும் பதில் எழுதுவதில்லை. அந்த இழுப்பறை நிறைந்து மூடமுடியாமற் போன நாளிலேயே தாம் வேலையை விட முடிவு செய்ததாக ஐயா சொல்வார்.

தொழிலைத் தொடங்கும் முன் தமக்குத் தெரிந்த வக்கீலிடம் போய், இதற்கு என்ன லைசென்சு எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். வக்கீல் சிரித்துவிட்டு, "லைசென்சு ஒண்ணும் கிடையாது துபாசி. ஆனா ஜெயிலு மட்டும் நிறைய இருக்கு" என்றாராம். சட்டம் அனுமதிக்கவுமில்லை, தடுக்கவுமில்லை. ஆனால் தவறிக் கால் வைத்தால் எங்கும் குற்றம்தான். நிர்வாகியின் அனுமதியின்றித் தோட்டத்துக்குள் போனால் அத்துமீறல். தொழிலாளியிடம் தனியாகப் பேசினால் ஆளைக் கலைத்து வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோக வந்தவர் என்ற பழி. மிரட்டித் தகவல் வாங்கினால் ஒரு வழக்கு, போலீசைப் போல நடந்துகொண்டால் இன்னொரு வழக்கு. ஆகவே சட்டம் எழுதாத இடத்தில் ஐயா தாமே சட்டம் எழுதினார். தேடச் சொல்பவர் உறவு இன்னதென்று முத்திரைத்தாளில் ஒப்பமிட வேண்டும். தோட்டத்துக்குக் கடிதம் எழுதி, பதில் வந்த பிறகே போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தேடப்பட்டவர் கிடைத்ததும் முதலில் அவரிடம்தான் சம்மதம் கேட்க வேண்டும்.

அந்தச் சம்மதத்துக்கு அவரே ஒரு தாள் அச்சடித்திருந்தார். படிக்கத் தெரியாதவர்களுக்காக அதில் இரண்டு கட்டங்களும் இரண்டு படங்களும் இருந்தன. முதற் கட்டத்தில் ஒரு வீடு. அங்கே பெருவிரலை வைத்தால், 'நான் இருக்கும் இடத்தைச் சொல்லலாம்' என்று பொருள். இரண்டாம் கட்டத்தில் ஒரு விளக்கு. அங்கே வைத்தால், 'உயிரோடிருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள், இடத்தைச் சொல்ல வேண்டாம்' என்று பொருள். இடம் எழுதிய மேற்பாதி பீரோவுக்குள் போய்ப் பூட்டப்படும். கைநாட்டு உள்ள கீழ்ப்பாதியைக் கிழித்துத் தேடியவரிடம் கொடுப்போம். மனம் மாறக்கூடியது என்பதால், விளக்கில் வைத்தவர்களிடம் ஆண்டுக்கு ஒரு முறை கட்டணம் வாங்காமல் ஐயாவே போய் மீண்டும் கேட்பார்.

இதைக் கேள்விப்பட்டு வட்டிக்கடைக் கணக்கர் ஒருவர் படியேறி வந்தார். ஊரை விட்டு ஓடிய கடன்காரர்களைக் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்றார். ஐயா தாளை எடுத்துக் காட்டி விளக்கினார்.

"கடன்காரன் எங்க இருக்கான்னு அவன்கிட்டயே போயி, 'சொல்லட்டுமா வேணாமா'ன்னு கேப்பீங்களா?"

"ஆமா லா. அவன் வீட்டுப் படத்துல கை வச்சா உங்க அதிர்ஷ்டம்" என்றார் ஐயா, மலாயாப் பேச்சுக்கே உரிய 'லா'வோடு.

கணக்கர் சிரித்துக்கொண்டே இறங்கிப்போய் ஊரெல்லாம் சொன்னார். ஓராண்டு கழித்து அவரே மீண்டும் வந்தார். அந்த முறை சிரிக்கவில்லை. தம்பியைக் காணவில்லை என்று முத்திரைத்தாளோடு வந்திருந்தார்.

நான் அந்தக் கந்தோருக்கு முதலில் தேடச் சொல்லித்தான் போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து மணம் முடித்து வந்த எனக்கு அப்போது முப்பது வயது ஆகவில்லை. என் கணவர் பீடோர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் கிராணி, அதாவது கணக்கெழுதும் உத்தியோகத்தர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு நாள் காலை, "ஆசுப்பத்திரிக்கு ஒருக்கால் போட்டு வாறன்" என்று குடையை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பவில்லை. எந்த ஆசுப்பத்திரியிலும் அவர் பெயர் இல்லை என்றார்கள். ஓராண்டு காத்திருந்துவிட்டு, ஈப்போ ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த அண்ணரிடம் வந்து சேர்ந்தேன். பெண்ணொருத்தியோடு போய்விட்டார் என்றார்கள் சிலர். துறவு பூண்டார் என்றார்கள் சிலர். இறந்திருப்பார் என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. காலையில் பொட்டு வைக்கப் போய், குங்குமச் சிமிழைத் திறந்தபடியே நிற்பேன். வைத்தால் எந்த உரிமையில் வைக்கிறேன், வைக்காவிட்டால் எந்தச் செய்தியின் பேரில் அழிக்கிறேன்? நான் மனைவியா, கைம்பெண்ணா? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. சிவபெருமானிடமும் அதைத்தான் கேட்டேன்.

ஐயா எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார். உயரம், நிறம், பேச்சு. அடையாளம் ஏதாவது உண்டா என்றார். நான் யோசித்து, வலக்கைப் பெருவிரலில் ஒரு சூட்டுத் தழும்பு உண்டு என்றேன். ஒரு நாள் இரவு, எரிந்துகொண்டிருந்த மேசை விளக்கின் கண்ணாடிச் சிமினியை என் கணவர் வெறுங்கையால் கழற்றிவிட்டார். விரலில் புகை எழுந்த பிறகுதான் பார்த்தார். "உங்களுக்கு இரும்புக் கையோ எண்டு நான் பகிடி பண்ணினனான்" என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். ஐயா சிரிக்கவில்லை. அவருடைய பேனா சற்று நேரம் தாளின்மேல் அசையாமல் நின்றது. பிறகு மைப்பெட்டியின் மூடியைத் திறந்து, மீண்டும் மூடினார். அப்போது எனக்கு அது ஒன்றுமாகத் தோன்றவில்லை.

கட்டணத்துக்கு என்னிடம் வழியில்லை. அண்ணரிடம் கேட்க மனமுமில்லை. ஐயாவே வழி சொன்னார். "தோட்டத்து லயத்து வீடுகள்ல பொம்பளைங்க என்கிட்ட பேசமாட்டேங்கிறாங்கம்மா. கோட்டப் பாத்தாலே கதவச் சாத்திடுறாங்க. நீங்க கூட வந்து பேசுங்க. எழுதவும் தெரியும். சம்பளம் கொடுத்துடுறேன், கட்டணம் அதுல கழியட்டும்." அண்ணர் துள்ளிக் குதித்தார். வேதக்காரனின் கந்தோரில், அதுவும் தோட்டத்துக் கூலியின் மகனிடம், நம் வீட்டுப் பெண் சம்பளத்துக்கு இருப்பதா என்றார். நான் போனேன்.

போனேனே ஒழிய, எதை விடாமல் போனேன் என்பதையும் எழுத வேண்டும். குடிக்கத் தண்ணீரை வீட்டிலிருந்து செம்பில் கொண்டுபோவேன். ஐயா தம் கையாலேயே தேநீர் கலந்து வருபவர்களுக்கெல்லாம் கொடுப்பார். முதல் நாள் எனக்கும் நீட்டினார். எனக்குப் பழக்கமில்லை என்றேன். அவருக்குப் புரிந்தது. மறுநாள் எனக்கென்றே வாங்கிய புதிய பித்தளைத் தம்ளர் ஒன்று அலமாரியில் கவிழ்ந்திருந்தது. தேவாரப் பதிகங்களில் மூழ்கி வளர்ந்தவள் நான். ஈசன் யார் வீட்டுச் சோற்றையெல்லாம் விரும்பி ஏற்றான் என்று உருகி உருகிப் பாடியிருக்கிறேன். ஆனாலும் ஏழு ஆண்டுகள் அந்தத் தம்ளர் கவிழ்ந்தேதான் இருந்தது.

வேலை எனக்குப் பிடித்துவிட்டது. ரயிலிலும் மாட்டு வண்டியிலுமாகப் போவோம். முதலில் நிர்வாகியின் கடிதத்தைக் காட்டிவிட்டு, அவர் சொல்லும்வரை ஐயா வெயிலில் நிற்பார். நிழலில் உட்காரச் சொன்னாலும், "உத்தரவு வரட்டும்" என்பார். தொழிலாளரைக் கூட்டி வந்த கங்காணிகள் எங்களைக் கண்டால் எரிந்து விழுவார்கள். "ஆளக் கௌப்ப வந்துட்டாங்கடா, கோட்டும் சேலையுமா" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். ஐயா தொப்பியைக் கழற்றி, "கௌப்பல அண்ணே. எண்ணிப் பாத்துக்குங்க, நாங்க போறப்ப ஒரு ஆளு குறைஞ்சிருந்தா என்னைக் கட்டி வைங்க" என்றார். கங்காணி உண்மையாகவே எண்ணிப் பார்த்தார்.

நான் சேர்ந்த எட்டாம் மாதம், கார்த்திகையில், ஐயா நான்கு நாட்கள் எங்கோ போய்விட்டு வந்தார். வந்ததும் என் மேசையில் ஒரு கீழ்ப்பாதித் தாளை வைத்தார்.

"ஆள் இருக்காரும்மா. உசுரோட இருக்கார்."

விளக்குக் கட்டத்தில் ஒரு பெருவிரல் பதிந்திருந்தது. நடுவில் சூட்டுத் தழும்பு வெள்ளையாய் ஓடியது. சந்தேகமேயில்லை. முதலில் கைகூப்பினேன், பிறகு அழுதேன். அதன் பின்னர்தான் கோபம் வந்தது. எப்படிப்பட்ட கையெழுத்து அவருடையது! துரைமார் மெச்சிய எழுத்து. எனக்கு ஒரு வரி எழுதக் கூடவா மனமில்லை? எழுத்தறியாதவரைப் போல மை தொட்டு வைத்து அனுப்பியிருக்கிறாரே.

"கையெழுத்து வைக்கேலாதோ அவருக்கு? என்னை அவ்வளவு கேவலமாய் நினைச்சிட்டாரோ?"

"கேவலமா நினைக்கல. அத மட்டும் நான் சொல்லலாம்" என்றார் ஐயா. "மிச்சத்தச் சொல்ல எனக்கு அனுமதி இல்லம்மா."

எங்கே இருக்கிறார், யாரோடு இருக்கிறார் என்று எத்தனை விதமாகக் கேட்டும் அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் ஒன்று செய்தார். பீரோவின் சாவி என்னிடம்தான் இருந்தது, தாள்களை அடுக்குவது என் வேலையாதலால். என் கணவரின் தாளின் மேற்பாதியை மடித்து, சிவப்பு நாடாவால் கட்டி, என் கண்முன்னே அதே பீரோவுக்குள் வைத்தார். சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை. வேறு பூட்டும் போடவில்லை.

எனக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது, நான் மனைவிதான். ஆனால் விடை கிடைத்த இடத்திலேயே பெரிய ஆசை ஒன்று முளைத்தது. போய் நின்று, ஏன் என்று கேட்டுவிட வேண்டும். சாவி இடுப்பில் கனத்தது. இரண்டு மாதம் பொறுத்தேன்.

ஐயா பீடோருக்குப் போயிருந்த ஒரு நண்பகல். கீழே தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பீரோவைத் திறந்து அந்தக் கட்டை எடுத்தேன். நாடாவை அவிழ்த்தேன். மடித்த தாள் என் கையில் இருந்தது. பிரிக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது மாடிப்படியில் காலடி கேட்டது.

வந்தவர் ஒரு தோட்டத் தொழிலாளி. கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் கோயில் திருநீற்றுப் பிரசாதமும். மனைவியைக் காணவில்லை என்று முன்பே பதிந்து போனவர். அந்தப் பெண்ணைச் சில வாரங்களுக்கு முன் நானே கண்டிருந்தேன். சுங்காய் என்ற ஊரின் பக்கத்தில், வேறொரு தோட்டத்து லயத்தில் இருந்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தீச்சுட்ட தழும்பு. அவள் பெருவிரலை நான்தான் பிடித்து மையில் வைத்தேன். விளக்குக்கு நேரே கொண்டுபோனபோது அவள் சொன்னாள்: "உசுரோட இருக்கேன்னு மட்டும் சொல்லுங்கக்கா. எங்கன்னு சொன்னீங்கன்னா, அப்புறம் அதையும் சொல்ல முடியாது."

கீழ்ப்பாதித் தாளை அவரிடம் கொடுத்துப் பொருளை விளக்கினேன். அவர் பழத்தை மேசைமேல் வைத்து, கைகூப்பி அழத் தொடங்கினார். "அக்கா, நீங்க சாமி கும்புடுற ஆளு, பாத்தாலே தெரியுது. பிரசாதத்து மேல சத்தியம், இனிமே கை நீட்டமாட்டேன். எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க." நான் முடியாது என்றேன். பலமுறை கேட்டார். பலமுறை முடியாது என்றேன். அழுகை நின்று முகம் மாறியது.

"எம் பொண்டாட்டி எங்க இருக்கான்னு கேக்க எனக்கு உரிம இல்லியா? மறைச்சு வைக்க நீங்க யாரு? உங்க வூட்டு ஆளு இப்படி ஓடிப்போயி, ஒருத்தி சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு சொல்லமாட்டேன்னா, அப்ப தெரியும் உங்களுக்கு."

அவர் பழத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். பிரசாதத்தை மட்டும் விட்டுப் போனார். என் கையில் அந்த மடித்த தாள் இன்னும் இருந்தது. அவர் கேட்ட அதே கேள்வியைத்தான் நான் இந்தப் பீரோவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு இல்லாத உரிமை எனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? நான் நல்லவள் என்பதாலா? அவரும் அன்று தம்மை நல்லவரென்றே நம்பினார். கண்ணில் அது தெரிந்தது. தாளைப் பிரிக்காமல் நாடாவைக் கட்டி, உள்ளே வைத்துப் பூட்டினேன். பிறகு கை கழுவிவிட்டு, பிரசாதத்தை நெற்றியில் இட்டுக்கொண்டேன்.

மாலையில் ஐயா திரும்பி வந்தார். ஏதோ தாளை வைப்பதற்காகப் பீரோவைத் திறக்கச் சொன்னார். சிவப்பு நாடாவைப் பார்த்தார். நான் போட்டிருந்தது சுருக்கு முடிச்சு. அவர் போட்டிருந்தது இரட்டை முடிச்சு.

"பார்க்கேல்லை ஐயா" என்றேன்.

"நான் கேக்கலியே லா" என்றார். நாடாவைத் தொடாமலே பீரோவை மூடினார். "முடிச்சு இப்பத்தான் நல்லா இருக்கு. என்னோடது அவுக்கவே வராது."

அதன் பிறகு ஆண்டுதோறும் கார்த்திகையில் அவர் நான்கு நாட்கள் போவார். புதிய தாள் ஒன்றோடு வருவார். விளக்குக் கட்டத்தில் பெருவிரல். நான் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என் மேசைப் பெட்டியில் வைப்பேன். கார்த்திகை, தீபத்தின் மாதம். ஐயாவுக்கு அது தெரியாது. முதலில் கண்டுபிடித்த மாதம் என்று போய்க்கொண்டிருந்தார். அடியையும் முடியையும் தேடிப் போன இருவருக்கும் காண முடியாதவனாய், தேடியவர்முன் வெறும் ஒளியாய் நின்றவனை வணங்கும் மாதம் அது. எனக்கும் இடம் கிடைக்கவில்லை, ஒளி மட்டும் ஆண்டுக்கொருமுறை கிடைத்தது. அந்த ஒளியை நம்பித்தான் காலையில் தயங்காமல் பொட்டு வைத்தேன். அவர் திரும்பி வந்த பின் இரண்டு நாட்களுக்குத் தேநீர் கலந்து யாருக்கும் கொடுக்கமாட்டார். பயணக் களைப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

ஆறு தாள்கள் சேர்ந்தன. ஏழாம் ஆண்டு அவர் இரண்டே நாளில் திரும்பிவிட்டார். முன்போல நின்றபடி கொடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரே உட்கார்ந்தார். தாளை வைத்தார். இரண்டு கட்டங்களும் வெறுமையாக இருந்தன.

"போன மாசம்மா. தூக்கத்துல. நோவு இல்லாம போயிட்டார்னு கூட இருந்தவங்க சொன்னாங்க."

நான் அழவில்லை. ஏனோ எழுந்துபோய் அந்த ஆறு தாள்களையும் எடுத்துவந்து மேசைமேல் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றாக முன்னரும் பார்த்திருக்கிறேன். ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை. அதற்குள் நூற்றுக்கணக்கான கைநாட்டுகளை வாங்கிப் பழகியிருந்தேன். ரப்பர்ப் பால்வெட்டுபவர் விரல், ஈயச் சுரங்கத்தார் விரல், சமைப்பவள் விரல் என்று ரேகையைப் பார்த்துச் சொல்லக்கூடியவளாகியிருந்தேன். முதல் தாளில் ரேகைகள் தெளிவாக ஓடின. இரண்டாவதில் ஓரம் மங்கியிருந்தது. மூன்றாவதில் தழும்பைச் சுற்றி ரேகையே இல்லை. நான்காவதில் விரல் குறுகியிருந்தது. ஐந்தாவது ஒரு வட்டக் கறை. ஆறாவதில் இருந்தது விரலே அல்ல, உள்ளங்கையின் ஓரம்.

சிமினியின் சூடு உறைக்காத கை. ஆசுப்பத்திரிக்குப் போனவர் திரும்பாதது. பேனா பிடிக்காமல் மை தொட்டது. அந்தக் காலத்தில் அந்த நோயின் பெயரைச் சொன்னாலே தெருவே கதவடைக்கும். நோயாளியை அரசாங்கம் தனியிடத்தில் கொண்டுபோய் வைக்கும். வீட்டாரையும் ஊர் ஒதுக்கும். தொழுநோய் என்று எழுத இன்றும் என் கை தயங்குகிறது.

"ஐயா, இது விரல் இல்லை" என்றேன், ஆறாவது தாளைத் தொட்டு.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா" என்றார்.

"ஓம். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை."

"நீங்கதான் முதல் நாளே சொன்னீங்க. சிமினியப் பத்தி."

அப்போதுதான் அன்று அவர் பேனா நின்றது நினைவுக்கு வந்தது. மற்றவர்கள் என் கணவரைப் பெண்கள் வீட்டிலும் மடங்களிலும் தேடிக்கொண்டிருந்தபோது, எங்கே தேட வேண்டும் என்று அவருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. எட்டு மாதம் எத்தனை வாசல்களில் அனுமதிக்குக் காத்து நின்றாரோ, தெரியாது. என்னிடம் இன்னும் ஒரு கேள்வி இருந்தது.

"ஒவ்வொரு வருசமும் நீங்களோ அவற்ற கையைப் பிடிச்சனீங்கள்?"

"பிடிக்காம எப்படிம்மா மை வைக்கிறது?"

மிக எளிதாகச் சொன்னார். ஏதோ கிராணி வேலையின் ஒரு பகுதியைச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு தம் தொழிலின் ஒழுங்குக்குத் திரும்பினார். சம்மதம் கேட்க இனி ஆளில்லை, ஆகவே சட்டப்படி மனைவிக்கு இடத்தைச் சொல்லத் தடையில்லை, புதைத்த இடத்தையும் பார்த்து வந்திருக்கிறேன், பீரோவைத் திறங்கள் என்றார்.

நான் சாவியை எடுக்கவில்லை. மைப்பெட்டியை என் பக்கம் இழுத்தேன். கையெழுத்துப் போடத் தெரிந்த நான், பெருவிரலை மையில் தோய்த்து, அந்த ஏழாம் தாளின் விளக்குக் கட்டத்தில் வைத்து, அவரிடம் கொடுத்தேன். ஆறு முறை கேட்டும் என் கணவர் மாற்றிக்கொள்ளாத சொல் அது. அவர் வாய் மூடிய பிறகு நான் அதை மாற்றுவதா? ஐயா தாளைப் பார்த்தார். கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து என் விரலைத் துடைக்கக் கொடுத்தார். பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் கொதிக்க வைத்தார்.

நான் அலமாரிக்குப் போய் அந்தப் பித்தளைத் தம்ளரை நிமிர்த்தி, தூசியைத் துடைத்து, அவர் முன்னே வைத்தேன். அவர் கை பின்வாங்கியது. "ரெண்டு நாளு போகட்டும்மா. இப்பத்தான் அங்கேருந்து வாரேன்" என்றார். ஆண்டுதோறும் அந்த இரண்டு நாட்கள் எதற்கென்று அப்போது விளங்கியது. "இண்டைக்குத்தான் வேணும் ஐயா" என்றேன். அவர் ஊற்றினார். குடித்தேன். பால் அதிகம், சீனி அதைவிட அதிகம். ஏழு ஆண்டுகளாக வருபவர்களெல்லாம் குடித்து முகம் சுளித்த தேநீர் இதுதானா என்று நினைத்தேன். நினைத்ததும் அழுகை வந்தது.

மறுநாள் கிந்தா ஆற்றங்கரையில் அண்ணர் ஈமக் கடன்களைச் செய்தார். எந்த நோய், எந்த இடம் என்று கேட்டார். தெரியாது என்றேன். இடத்தைப் பொறுத்தவரை அது பொய்யல்ல.

எனக்கு மனத்தாங்கலே இல்லை என்று எழுதினால் அது பொய்யாகும். அன்று நண்பகல் அந்தத் தாளைப் பிரித்திருந்தால் நான் போயிருப்பேன். போய் அருகே இருந்திருப்பேன், அவர் விரட்டினாலும். சில நாட்களில், பூசை முடிந்து கண் திறக்கும்போது, போயிருக்க வேண்டும் என்றே தோன்றும். ஆனால் எல்லாவற்றையும் இழந்த ஒரு மனிதரிடம் மீந்திருந்த ஒரே அதிகாரம், தம்மை யார் காணலாம் என்று தீர்மானிப்பது. அதை அவர் கையிலிருந்து யாரும் பறிக்காதபடி ஒருவர் காவல் இருந்தார். அந்தக் காவல் எனக்கு எதிராகவும் நின்றது. அதனால்தான் அதை நம்ப முடிந்தது.

கந்தோர் யுத்தம் வரும்வரை நடந்தது. ஜப்பானியர் ஊருக்குள் வருகிறார்கள் என்றதும், மறைந்து வாழ்பவர்களின் இடங்கள் எவர் கையிலும் அகப்படக்கூடாதென்று ஐயாவும் நானும் பீரோவிலிருந்த அத்தனை மேற்பாதிகளையும் தையற்கடையின் பின்முற்றத்தில் எரித்தோம். சுருக்கு முடிச்சிட்ட சிவப்பு நாடாவும் அவற்றோடு எரிந்தது. ஐயா என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன். யுத்தம் முடியுமுன்பே அவர் காலமாகிவிட்டார். இந்த மைப்பெட்டியை என்னிடம் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இப்போது நாங்கள் போன தோட்டங்கள் பலவும் துண்டு போட்டு விற்கப்பட்டுவிட்டன. வெயிலில் ஐயா உத்தரவுக்கு நின்ற இடங்களில் வீடுகள் எழும்புகின்றன. அவர் பெயரைத் தெரிந்தவர்கள் ஈப்போவில் இன்னும் சிலர் இருக்கலாம். அவர் கை எதையெல்லாம் தொட்டது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

காலையில் குளித்து, விளக்கேற்றி, திருநீறு எடுக்கும்முன் இந்தப் பெட்டியைத் திறக்கிறேன். மை உலர்ந்து கல்லாகிவிட்டது. தொட்டால் விரலில் ஒன்றும் ஒட்டுவதில்லை. திண்டின் நடுவில் சற்றே பள்ளம் இருக்கிறது, எத்தனையோ பேர் விரல் வைத்து அழுந்திய பள்ளம். என் பெருவிரலை ஒரு கணம் அதில் வைத்துவிட்டு மூடியைச் சாத்துகிறேன். அதன் பின்னரே பதிகம் தொடங்குகிறேன்.